ஐந்து ஒன்பது என்று நான் சொன்ன காலை

கள்ளக்குறிச்சியில் அமெச்சூர் வானொலி வைத்திருக்கும் இளைஞர்கள் எனக்குக் கருமி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பணத்தில் நான் கருமி இல்லை. நான் எண்களைக் கொடுப்பதில்தான் அவர்களுக்குக் குறை.

இந்தப் பொழுதுபோக்கை அறியாதவர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். நாங்கள் தேர்வு எழுதி, அரசாங்க உரிமம் வாங்கி, வீட்டில் ஒரு சிறிய கருவியை வைத்துக்கொண்டு, கூரைக்கு மேல் ஒரு கம்பியைக் கட்டி, தூரத்தில் இருக்கும் நண்பர்களோடு பேசுகிறவர்கள். பேச்சைத் தொடங்கியதும் செய்கிற முதல் காரியம், எதிராளியின் குரல் நம்மிடம் எப்படி வந்து சேர்கிறது என்று இரண்டு எண்களில் சொல்வது. முதல் எண் தெளிவுக்கு, ஐந்து வரை. இரண்டாவது பலத்துக்கு, ஒன்பது வரை. ஐந்து ஒன்பது என்றால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கிறது என்று பொருள். இன்று யாரும் யாருக்கும் அதற்குக் குறைத்துக் கொடுப்பதில்லை. பாதி வார்த்தை புரியாதபோதும் மரியாதைக்கு ஐந்து ஒன்பது என்று சொல்லிவிட்டு, பெயர் என்ன, ஊர் என்ன என்று திருப்பிக் கேட்பார்கள். நான் மட்டும் கருவியின் அளவுமானியில் முள் எங்கே நிற்கிறதோ அந்த எண்ணைச் சொல்கிறேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே கைப்பேசிக் கடை வைத்திருக்கும் இம்ரான் போன மாதம் சங்கக் கூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா சார், அந்தமான்லேர்ந்து எனக்கு அஞ்சு ஒம்பது குடுக்கறாங்க. ரெண்டு தெரு தள்ளி இருக்கற நீங்க நாலு ஆறுன்னு சொல்றீங்க. உங்க வூட்டு சொத்தையா எழுதிக் குடுக்கச் சொன்னேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஏன்னு ஒரு நாள் எழுதித் தரேன்பா" என்றேன். சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்று அவன் உடனே எழுதி வைத்துக்கொண்டான். என் பணிக்காலத்து அனுபவங்களை நகைச்சுவையாக எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பான். அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. 

என் பெயர் தணிகாசலம். தியாகதுருகத்துக்காரன். கல்லூரியில் இயற்பியல் படித்தபோது விடுமுறைக்கு வந்தால் வீட்டு வால்வு ரேடியோவைவிட்டு எழமாட்டேன். சிற்றலையில் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, கடல்களுக்கு அப்பாலிருந்து வரும் நிலையங்களைப் பிடிப்பேன். கேட்டதை அந்த நிலையங்களுக்கு எழுதி அனுப்புவோம். இரைச்சல் எவ்வளவு, குரல் எப்போது மங்கியது, எப்போது தேறியது எல்லாம் எழுதவேண்டும். பதிலுக்கு வண்ண அட்டை வரும். புகழ்ந்து எழுதினால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை, உள்ளதை எழுதினால்தான் அவர்கள் தங்கள் ஒலிபரப்புக் கம்பத்தைத் திருப்பிக்கொள்ள முடியும் என்று எனக்கு அப்போதே தெரியும். அதை அழுத்திச் சொல்கிறேன். தெரியாமல் செய்த தவறு என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியாது.

பிறகு தொலைபேசித் துறையில் வேலை. இரண்டு மூன்று ஊர்கள் சுற்றி, கடைசியில் கள்ளக்குறிச்சிக்கே வந்து சேர்ந்தேன். அப்போது அது தென்னார்க்காட்டில் ஒரு தாலுகா ஊர். நிலத்தடிக் கேபிள்களின் இணைப்புகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எனக்கு மேலே யூசுப் சார்.

யூசுப் சார் உள்ளூர் ஜவுளிக்கடைக் குடும்பத்தவர். கடையில் உட்காராமல் பொறியியல் படித்தவர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். கேபிள் குழி தோண்டினால் அலுவலகத்திலிருந்து தன் முக்காலியை எடுத்துவந்து குழி ஓரத்தில் போட்டு உட்கார்ந்துவிடுவார். குரலை உயர்த்தமாட்டார். ஒரே ஒரு சொல்தான் கேட்பார்: "எத்தனை?"

அந்தக் காலத்துக் கேபிளில் ஒவ்வொரு செப்புக் கம்பிக்கும் காகிதம் சுற்றி, எல்லாவற்றுக்கும் மேலே ஈய உறை போட்டிருக்கும். எதிரி தண்ணீர்தான். உறையைப் பிரித்ததும் அந்தக் காகிதத்தில் ஒரு துணுக்கைக் கிழித்து, காய்ச்சிய மெழுகில் போட வேண்டும். நுரை வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. நுரை வராத இடம்வரை கேபிளை வெட்டிக்கொண்டே போக வேண்டும். இணைத்து மூடியபின் மின்காப்பு எவ்வளவு என்று கருவி வைத்து அளக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை குழியிலிருந்து ஏறிவந்து, "நல்லா இருக்குது சார்" என்றேன்.

"எத்தனை?"

"நல்லாவே இருக்குது சார்."

"எங்க அத்தா கடையில துணிய நல்லா இருக்குதுன்னு கிழிச்சுக் குடுக்கமாட்டாரு. மீட்டர் வச்சு அளந்துதான் குடுப்பாரு. எறங்கி அளந்துட்டு வா."

இறங்கினேன். அளந்தேன். எண் சரியாகவே இருந்தது. அவர் தலையசைத்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவரிடம் எண் இல்லாமல் ஒரு வேலையையும் நான் முடித்ததில்லை. குழிக்கு இந்தப் பக்கம் ஒருவர் கம்பி எண்ணைச் சொன்னால் அந்தப் பக்கம் இருப்பவர் திருப்பிச் சொல்லியாக வேண்டும் என்பதும் அவர் வைத்த முறை. "கேட்டுச்சுன்னு சொல்லாத. கேட்டத சொல்லு" என்பார். பகல் முழுவதும் இப்படி வேலை செய்துவிட்டு வீட்டில் ஒலிவாங்கியைப் பிடித்ததும் நான் வேறு ஆளாகிவிட்டேன்.

கல்வராயன் மலைமேல் ஒரு பொதுத் தொலைபேசி வைக்கப் போனபோதுதான் பொன்னுசாமி வாத்தியாரைச் சந்தித்தேன். வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியர். அந்த மலைக்காரர். அவர் குடியிருப்பில் முதன்முதலில் பட்டம் வாங்கியவர். கையடக்க டிரான்சிஸ்டரில் சிற்றலை கேட்பார். எந்த நிலையம் எந்த நேரத்தில் எங்கே வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இரண்டு சிற்றலைப் பைத்தியங்கள் ஒரே மலையில் சந்தித்தால் என்ன ஆகும்? நான் தொலைபேசியை வைத்து முடிக்க வேண்டிய நாளைவிட ஒரு நாள் கூடுதலாக அங்கே தங்கினேன்.

மோர்ஸ் சங்கேதத்தை அவர் கரும்பலகையில் சாக்பீஸால் தட்டித் தட்டியே கற்றார். தேர்வில் வென்றார். நான் வாங்கிக் கொடுத்த உதிரிகளை வைத்து, தானே ஒரு சிறு கருவியைக் கட்டினார். நான் மேலே போய், ஒரு கடுக்காய் மரத்துக்கும் பலா மரத்துக்கும் நடுவே கம்பியை இழுத்துக் கட்டி, அதிலிருந்து கருவிக்கு வரும் கேபிளை இணைத்தேன். வெளியில் மழையில் நனையும் இணைப்பு அது. அதன்மேல் பூசி அடைக்கும் பசையை நான் கீழே மறந்துவிட்டு வந்திருந்தேன். கடைசிப் பேருந்துக்கும் நேரமாகிவிட்டது. கறுப்பு நாடாவை மட்டும் சுற்றி இழுத்துவிட்டு, "வாத்தியாரே, கேபிள் ஜாயின்ட்டு நம்ம தொழிலு. நீங்க ரிடையர் ஆகற வரைக்கும் இதத் தொடவேணாம்" என்றேன்.

தினமும் காலை ஏழு மணிக்கு நாற்பது மீட்டர் அலைவரிசையில் எங்கள் கூட்டம். திருக்கோவிலூரிலிருந்து ஒருவர், பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர், தூத்துக்குடியிலிருந்து பாக்கியநாதன் என்று கப்பலில் வானொலி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மலையிலிருந்து பொன்னுசாமி வாத்தியார். அவர் வந்தால் எல்லோருக்கும் ஒரு பெருமை. சொந்தக் கையால் கட்டிய கருவி. மலைக்குரல். அதனால் அவருக்கு முதல் நாளிலிருந்தே ஐந்து ஒன்பது. முதல் நாளில் அது உண்மையாகவே கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

ஆடி மாதத்தில் குரல் இறங்கத் தொடங்கியது. மழை பெய்த மறுநாள் இன்னும் இறங்கும். வெயில் அடித்தால் சற்று ஏறும். இருபது வருடம் ஈரம் புகுந்த கேபிளோடு வாழ்ந்தவனுக்கு அது என்னவென்று தெரியாதா? தெரிந்தது. தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம், இன்னும் உற்சாகமாக ஐந்து ஒன்பது சொன்னதுதான். மூன்று என்று சொன்னால் அவர் இணைப்பைப் பிரித்துப் பார்ப்பார். பிரித்தால் என் வேலை தெரியும். அடுத்த முறை மேலே போகும்போது சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அவருக்கு நாங்கள் நன்றாகவே கேட்டோம். எங்கள் கருவிகள் பெரியவை. ஆகவே அவருக்கே சந்தேகம் வர வழியில்லை.

ஒரு காலை பாக்கியநாதன் குறுக்கிட்டார். "மலை நிலையம், உங்க குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. தெளிவு மூணு, பலம் ரெண்டு. வயர எறக்கிப் பாருங்க."

நான்தான் முந்திக்கொண்டு பேசினேன். "அண்ணாச்சி, உங்க செட்டுக்குள்ள உப்புக்காத்து பூந்துடுச்சு. இங்க வாத்தியார் அஞ்சு ஒம்பது."

பாண்டிச்சேரிக்காரர் சிரித்தார். திருக்கோவிலூர்க்காரர், "காதுல தண்ணி போயிருக்கும், ஒரு காலத் தூக்கிக் குதிங்க" என்றார். பாக்கியநாதன், "அப்ப சரி வே. நான் கேட்டதச் சொன்னேன்" என்று முடித்துக்கொண்டார்.

"சார், நீங்க சொல்லுங்க" என்றார் பொன்னுசாமி வாத்தியார். "நெசமாவே எப்படி இருக்குது?"

"அஞ்சு ஒம்பது வாத்தியாரே."

"அப்ப எறக்க வேணாம்."

"வேணாம்."

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மலைக்குப் போகும் தொலைபேசிக் கம்பி அறுந்து, யூசுப் சாரும் நானும் அடிவாரத்தில் கம்பம் நட ஆள் தேடிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு நாள் காலை ஏழு மணிக் கூட்டத்தில் யாரோ வெங்காய விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, இரைச்சலுக்குள்ளிருந்து "அவசரம், அவசரம்" என்று ஒரு குரல் மெல்லிசாக வந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தினோம்.

"ஆஸ்டல் புள்ளைங்களுக்கு வாந்தி பேதி சார். நேத்துலேர்ந்து. ஒண்ணு ரெண்டுக்கு ரொம்ப முடியல. டாக்டரு வேணும். குளுக்கோஸ் பாட்டிலு நெறய வேணும். ஜீப்ப..."

அங்கே குரல் இறங்கிவிட்டது. மழை இரைச்சல் மட்டும். அதற்குள் அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார். பேச்சின் ஏற்ற இறக்கம் தெரிந்தது, ஒரு சொல்லும் தெரியவில்லை. பிறகு மறுபடி மேலே வந்தது.

"...வந்துச்சா சார்? எப்படி கேக்குது?"

"அஞ்சு ஒம்பது வாத்தியாரே. எல்லாம் வந்துச்சு. இதோ அனுப்பறேன்."

பாக்கியநாதன் உள்ளே வந்தார். "தணிகாசலம், எனக்கு ஒண்ணும் கேக்கல. உங்களுக்கு முழுசா வந்துட்டா? திருப்பிச் சொல்லிச் சரிபாத்துக்கிடுங்க."

"வந்துடுச்சுங்க அண்ணாச்சி."

"சந்தோசம் சார்" என்றார் பொன்னுசாமி வாத்தியார். "பேட்டரி கம்மியா இருக்குது. நிறுத்திட்டு புள்ளைங்ககிட்ட போறேன். சாயங்காலம் வரேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? இத்தனை வருடம் யோசித்தும் எனக்குப் பெரிய காரணம் எதுவும் அகப்படவில்லை. அது வாயில் பழகிப்போயிருந்தது. டாக்டர், பாட்டில், ஜீப் மூன்றும் காதில் விழுந்துவிட்டன. காதில் விழாத பகுதியில் அவர் சீக்கிரம் சீக்கிரம் என்று கெஞ்சியிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று மாதமாக ஐந்து ஒன்பது என்று சொன்ன ஆளிடம் திடீரென்று கேட்கவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை என்பதும் உண்மை.

ஓடினேன். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் மறுபேச்சு பேசாமல் கிளம்பினார். அட்டைப்பெட்டிகளை நானே ஜீப்பில் ஏற்றினேன். கச்சிராயபாளையம் வழியாக மலைப்பாதையில் போகச் சொல்லி அனுப்பினேன். வழக்கமான வழி அதுதான். வேலைக்குப் போனேன். நல்ல காரியம் செய்த நிறைவு அன்று பகல் முழுவதும் என்னிடம் இருந்தது. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

மாலையில் ஜீப் ஓட்டுநர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். இடுப்புவரை சேறு.

"மேல போவ முடியல சார். வளைவுல ரோடே இல்ல. பாலம் போயிடுச்சு. இறங்கி நடக்கலாம்னு டாக்டர் பாத்தாரு, தண்ணி இழுக்குது. யாராவது வருவாங்கன்னு எம்மா நேரம் நின்னுக்கினு இருந்தோம். ஒருத்தரும் வரல."

நான் கருவியைப் போட்டு, காதில் ஒலிப்பான்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சொன்னபடி அவர் வந்தார்.

"சார், ஜீப்பு இன்னும் வரலையே."

"வாத்தியாரே, மறுபடி சொல்லுங்க. காலையில சொன்னத அப்படியே மறுபடி சொல்லுங்க."

ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லவைத்து, திருப்பிச் சொல்லி, தவறினால் மறுபடி கேட்டு வாங்கினேன். கிணற்றுக்குள்ளிருந்து வரும் அதே குரல்தான். கேட்டால் கிடைத்தது. அவர் காலையில் சொன்னது இது: கச்சிராயபாளையம் ரோட்டில் வரவேண்டாம், பாலம் போய்விட்டது. சின்னசேலம் சுற்றி, கருமந்துறைப் பக்கம் ஏறுங்கள். ஓடைவரை ஜீப் வரும். ஓடைக்கரையில் எங்கள் ஆட்கள் நிற்கிறார்கள். பாட்டில்களையும் டாக்டரையும் அவர்கள் கடத்திக் கொண்டுவந்துவிடுவார்கள்.

 மின்சாரம் தாக்கினால் பிடித்த கம்பியை விட முடியாமல் நிற்பார்களே, அப்படி ஒலிவாங்கியைப் பிடித்தபடி இருந்தேன். ஓட்டுநர்தான் என் தோளைத் தட்டினார்.

"இன்னா சார் சொல்றாங்க?"

"வேற வழியாம்" என்றேன்.

அவர்கள் அந்த இருட்டிலேயே சுற்றிக்கொண்டு போனார்கள். விடியும் நேரத்தில் பள்ளியைச் சேர்ந்தார்கள். மற்ற பிள்ளைகள் எல்லோரும் பிழைத்தார்கள். அலமேலு என்று ஒரு பெண், ஏழாம் வகுப்பு, அவர்கள் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்பு இறந்துவிட்டாள். மதியத்துக்குள் பாட்டில் ஏறியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பாலம் போனதற்கு யார் என்ன செய்வது என்றார்.

திரும்பி வந்த ஓட்டுநர் என்னிடம் ஒன்று சொன்னார். "அந்த ஓடைகிட்ட ஆளுங்க காலையிலேர்ந்து நின்னுக்கினே இருந்தாங்களாம் சார். தலையில சாக்கப் போட்டுக்கினு, கம்பு கயிறோட. எங்க லைட்ட பாத்ததும் எழுந்து ஓடியாந்தாங்க."

பாதை ஓரளவு சீரானதும் தொலைபேசிக் கம்பி இழுக்கும் ஆட்களோடு நான் மேலே போனேன். பொன்னுசாமி வாத்தியார் என்னைக் கட்டிக்கொண்டார். தேநீர் கொடுத்தார். பிறகு பலா மரத்தடிக்குப் போனோம். ஏணி வைத்து நானே ஏறி, என் கறுப்பு நாடாவைப் பிரித்தேன். இணைப்பைத் திருகியதும் உள்ளேயிருந்து தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்து சட்டைக்கைக்குள் போனது. உள்ளே செம்பு முழுவதும் பச்சை பூத்திருந்தது. மெழுகு காய்ச்சத் தேவையில்லை. நான் ஏணியிலேயே நின்றேன்.

கீழேயிருந்து அவர் கேட்டார். "சார், அன்னைக்கு அஞ்சு ஒம்பதுன்னு சொன்னீங்களே. அப்புறம் ஜீப்பு ஏன் அந்த ரோட்டுல போச்சு?"

"நடுவுல வானம் மாறிடுச்சு வாத்தியாரே. கடைசி வரி மட்டும் விட்டுப்போச்சு."

வானத்தின் மேலடுக்குகள் எப்படிச் சிற்றலையைத் திருப்பி அனுப்புகின்றன, அவை எப்படி நிமிடத்துக்கு நிமிடம் மாறும் என்றெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவர் தலையாட்டினார். "வானத்துக்கு நம்ம இன்னா பண்றது" என்றார்.

புது இணைப்பைப் போட்டுப் பசை பூசி அடைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

யூசுப் சாருக்கு வானொலி விளையாட்டில் ஆர்வம் கிடையாது. ஆனால் நான் ஓயாமல் பேசிப் பேசி அந்த இரண்டு எண்களின் அர்த்தம் அவருக்குத் தெரியும். மறுநாள் அலுவலகத்தில் எதிரே உட்காரச் சொன்னார்.

"அன்னைக்கு காலையில உன் வாத்தியார் சிக்னலு எத்தனை?"

அந்தச் சொல்லுக்கு என்னால் பொய் சொல்ல முடிந்ததில்லை. "தெளிவு ரெண்டு சார். பலம் மூணு."

"நீ எத்தனைன்னு சொன்ன?"

"அஞ்சு ஒம்பது."

"எத்தனை நாளா?"

"ஆடியிலேர்ந்து சார்."

"ஜாயின்ட்டு யாரு போட்டது?"

"நான்தான்."

அவர் வாயிலிருந்து கிராம்பை எடுத்து ஒரு காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். 

"இவ்ளோ வருசமா நீ எனக்குக் குடுத்த ரீடிங்க எல்லாம் நான் நம்பிக்கினு இருக்கேன்பா" என்றார்.

"அதெல்லாம் உண்மை சார்."

"அது உனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?"

மேசைமேல் இருந்த அளவுப் பதிவேட்டை அவர் மூடி வைத்தார்.

"போய் அவர்கிட்ட சொல்லு. வானம் கீனம்னு சொல்லாம சொல்லு" என்றார். நான் மலையில் வானத்தின்மேல் பழி போட்டதை அவரிடம் சொல்லவே இல்லை. அவருக்கு என்னை அவ்வளவு தெரிந்திருந்தது.

மறுபடி மலையேறினேன். பள்ளி மைதானத்தில் நின்றபடியே சொன்னேன். ஆடியிலிருந்து குரல் மோசம், எனக்குத் தெரியும், என் இணைப்பில் தண்ணீர், அன்று காலை பாதிக்கு மேல் எனக்குக் கேட்கவில்லை, கேட்டது என்று சொன்னேன். பொன்னுசாமி வாத்தியார் மைதானத்தில் இருந்த பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார்.

"அந்த தூத்துக்குடிக்காரரு அன்னைக்கே சொன்னாரு. அவரு செட்டுதான் பழசுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "அன்னைக்கு காலையில நான் பேசிக்கினு இருந்தப்ப அலமேலுவோட அப்பா என் பக்கத்துலதான் சார் நின்னுக்கினு இருந்தாரு. ராமன். கீழ எறங்கி ஓடறேன் வாத்தியாரேன்னு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு நின்னாரு. எங்க ஆளுங்களுக்கு ரோடு வேணாம் சார், காட்டுவழியா எறங்கிடுவாங்க. ராமன் எறங்கினா ஜீப்பு கெளம்பறதுக்குள்ள அடிவாரம் வந்திருப்பாரு. மவளுக்காகன்னா இன்னும் வேகமா வந்திருப்பாரு. ஜீப்ப மறிச்சு வேற வழிய சொல்லியிருப்பாரு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நான்தான் வேணாம்னு சொன்னேன். கீழ நல்லா கேட்டுட்டாங்க ராமா, அஞ்சு ஒம்பது, நீ ஓடைக்குப் போய் நில்லுன்னு சொன்னேன். அவரு போயி நின்னாரு. சாயங்காலம் வரைக்கும் நின்னாரு. ராத்திரியும் நின்னாரு. பொண்ணுகிட்ட இல்ல."

நான் தண்ணீர் புகுந்த கம்பியை, போன பாலத்தை, மழையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு எண்கள் ஒரு மனிதனைத் தடுத்து நிறுத்தி, தவறான இடத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் நிற்க வைத்திருக்கின்றன என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கேட்கவில்லை என்று நான் சொல்லியிருந்தால்கூட அந்தப் பெண் பிழைத்திருப்பாள். எதுவுமே செய்யாமல், கேட்கவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால்.

"ராமன்கிட்ட நான் சொல்ல மாட்டேன் சார்" என்றார் வாத்தியார். "நீங்களே வந்து சொல்லுங்க."

ராமன் கடுக்காயைத் தரையில் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் குவியலைக் காலால் பரப்பிக்கொண்டே இருந்தார். வானொலி பற்றி அவருக்குப் புரியவைக்கப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்றதுக்கு இன்னா சார்?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு காலைக் கூட்டத்தில் மலைக்குரல் இல்லை. நானும் போகவில்லை. கேட்க மட்டும் செய்தேன். தை பிறந்து மாசியும் போனபின் ஒரு காலை பொன்னுசாமி வாத்தியார் வந்தார். பாண்டிச்சேரி ஐந்து ஒன்பது கொடுத்தது, திருக்கோவிலூர் ஐந்து ஒன்பது கொடுத்தது. பாக்கியநாதன் நாலு ஆறு என்றார். கடைசியில் அவர் கேட்டார்.

"தணிகாசலம் சார் இருக்கீங்களா? எத்தனை?"

யூசுப் சாரின் சொல் அவருக்கு எப்படிப் போனது என்று தெரியவில்லை. நானே எப்போதாவது அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். முள்ளைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

"தெளிவு அஞ்சு. பலம் ஏழு."

"ஏழா, எட்டா?"

"ஏழு."

"சரி சார்." அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

யூசுப் சார் ஓய்வு பெற்று, காலமாகி, வெகுகாலம் ஆகிறது. அன்றிலிருந்து அவர் ஓய்வு பெறும்வரை நான் எந்த எண்ணைச் சொன்னாலும் குழிக்குள் இறங்கித் தானே ஒரு தடவை அளந்து பார்த்தார். வயதான காலத்திலும் இறங்கினார். நான் கை கொடுத்து ஏற்றிவிடுவேன். ஒரு முறையும் என் எண் தவறாக இல்லை. ஒரு முறையும் அவர் அளக்காமல் விடவில்லை.

இம்ரான், நீ கேட்டதற்கு இதுதான் பதில். உன் கம்பியின் மேற்கு முனை எங்கேயோ எதையோ தொடுகிறது. உனக்கு நாலு ஆறுதான்.

பொன்னுசாமி வாத்தியாரும் ஓய்வு பெற்றுவிட்டார். மலையிலேயேதான் இருக்கிறார். இப்போது அங்கே கைப்பேசிக் கோபுரமும் இருக்கிறது. ஆனாலும் காலை ஏழு மணிக்கு வருகிறார். எல்லோரிடமும் ஐந்து ஒன்பது வாங்கிக்கொண்டு கடைசியில் என்னிடம் கேட்கிறார். இரண்டு நாளாக மழை. இன்று காலையும் கேட்டார்.

"சார், எத்தனை?"

"தெளிவு நாலு. பலம் அஞ்சு. நேத்தைக்கு ஆறு இருந்துச்சு வாத்தியாரே."

"ஏணிய எடுத்துக்கினு போயி பாக்கறேன்" என்றார். "அங்கேயே இருங்க."

அவர் கருவியை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு இரைச்சல் மட்டும். நான் காதிலிருந்து ஒலிப்பான்களைக் கழற்றவில்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டே, அவர் ஏணியிலிருந்து இறங்கி மறுபடி பேசும்வரை உட்கார்ந்திருந்தேன்.